கதவுக்கு வெளியே நின்று நான் சொன்ன பதில்

அம்மிணி,

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை ஓடாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய காலத்துப் பழக்கம். ஆகவே இந்தக் கடிதத்தில் என்னென்ன வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. நீ சேர்ந்த ஆன்லைன் படிப்பில் பரீட்சை என்பது ஒன்றல்ல என்பது பற்றி.
2. சேரும்போது சொல்லாமல், சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்ட கட்டணங்கள் பற்றி.
3. வீடும் நிலமும் விற்றுக் கொடுக்கும் தொழில் உன் சுபாவத்துக்குப் பொருந்தாது என்பது பற்றி.
4. உன் பரீட்சையை நான் கெடுத்தது பற்றி.
5. உன்னை நினைத்து நான் பெருமைப்படுவது பற்றி.

ஐந்தாவதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். எடுத்தவுடன் எழுதத் தைரியம் வரவில்லை. எழுத எழுத வரும் என்று கடைசியில் தள்ளிவைத்திருக்கிறேன்.

இது ஏன் பகிரங்கக் கடிதமாகிறது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். இப்போது பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஓர் ஆன்லைன் படிப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஒருவர்’, ‘ஒருவர்’ என்று வந்தது. அந்த ஒருவர் நீதான் என்று தெரிந்துகொண்டே ஏன் சுற்றி வளைக்க வேண்டும் என்று தோன்றி, உன்னிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்கப்பா. ஆனா என்னைய நல்லவளாவே எழுதீராதீங்க, படிக்கறவங்களுக்குத் தூக்கம் வந்துரும்” என்றாய். முடிந்தவரை பார்க்கிறேன். அடுத்த வாரம் நீ விமானம் ஏறிவிடுவாய். மலர் அச்சாகி வரும்போது நம் நல்லேப்பிள்ளியில் நீ இருக்கமாட்டாய். நேரில் சொல்ல முடியாததை ஊரார் முன்னால் சொல்வது என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு எப்படி முடிகிறது என்று தெரியவில்லை. எழுதும்போது எதிரே முகம் இல்லை என்பதால் இருக்கலாம்.

கல்யாணமானதும் மாப்பிள்ளை அமெரிக்காவில் தன் வேலைக்குத் திரும்பிப் போனார். உன் விசா வர நாளாகும் என்றார்கள். கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்தாய். முதல் சில வாரங்கள் தூங்கினாய். பிறகு உன் அம்மாவின் சமையலில் குற்றம் கண்டுபிடித்தாய். அதன் பிறகு ஒரு மத்தியானம், நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, மடிக்கணினியைத் திருப்பி என் முன்னால் வைத்தாய். நீ போகப்போகிற மாநிலத்தில் வீடு, நிலம் வாங்கவும் விற்கவும் உதவுகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும், அதற்கு முன் அரசு அங்கீகரித்த ஒரு படிப்பை முடிக்க வேண்டும், அதை இங்கிருந்தே படிக்கலாம் என்று சொன்னாய்.

“அப்படீன்னா புரோக்கர் வேலையா கண்ணு?” என்று கேட்டேன்.

“ஏஜென்ட்டுங்கப்பா. அங்க புரோக்கர்ங்கறது அதுக்கும் மேல. மொதல்ல ஒரு புரோக்கர்கிட்டச் சேந்துதான் வேலை பாக்கோணும்.”

அடுப்படியிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, நம்மூர்ல வெத்தல போட்டுட்டு டீக்கடை முன்னால நாலு பேரு நிக்கறாங்களே, அந்த வேலைக்கு அமெரிக்காவுல பரீட்சையா?”

நீ சிரிக்கவில்லை. “அங்க போயி அவரு சம்பளத்துல சாப்பிட்டுட்டு, நாள் பூராவும் ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாதும்மா. போய் எறங்குனதும் எனக்குன்னு ஒண்ணு வேணும்” என்றாய். உனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லாம் புரியும்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். நான் பரீட்சைகளோடு வாழ்ந்தவன். வினாத்தாள் கட்டைப் பிரிப்பதிலிருந்து விடைத்தாளைக் கட்டி அரக்கு வைப்பது வரை எனக்குத் தெரியாத விதி கிடையாது. அப்படிப்பட்டவனே அந்த இணையப் பக்கத்தைப் பார்த்து ஏமாந்தேன். படிப்பு முடிந்தால் உரிமம் கைக்கு வரும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. சாவிக்கொத்தைப் பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மற்றதை நாமே நினைத்துக்கொண்டோம். உண்மையில் பரீட்சை இரண்டு. படிப்பின் கடைசிப் பரீட்சை ஒன்று, அதில் தேறிய பிறகு அரசு நடத்தும் உரிமப் பரீட்சை இன்னொன்று. முதலாவதை வீட்டிலிருந்து எழுதலாம், ஆனால் எங்கேயோ இருக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவதை அங்கே நேரில் போய் எழுத வேண்டும்; நாட்டுக்கே பொதுவான சட்டம் ஒரு பகுதி, அந்த மாநிலத்துச் சட்டம் ஒரு பகுதி. படிப்பை முடித்த சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு, அதற்குள் அரசுப் பரீட்சையை எழுதிவிட வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். இதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீ சேர்ந்த படிப்பில், கடைசிப் பரீட்சையில் இரண்டு முறை தவறினால் மறுபடி முதல் பாடத்திலிருந்து பணம் கட்டிப் படிக்க வேண்டும். இந்த விதி மட்டும் மனதில் முள் மாதிரி தைத்து நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் படிப்பில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நேரம் வைத்திருந்தார்கள், அந்த நேரம் ஓடி முடியாமல் அடுத்த பக்கம் திறக்காது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பூட்டுப் போட முடிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். நீ ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, மீதி நேரத்தில் அவரைக்காய் உரித்தாய், துணி மடித்தாய். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பக்கத்துக்குக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். “படிச்சா பத்தாதா, பக்கத்துக்குக் காவலும் இருக்கோணுமா?” என்று உன் அம்மா கேட்டாள். மழைக்காலம். நம் பகுதியில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பக்கத்தை நான்கு முறை திறந்து உட்கார்ந்த நாட்களில்கூட நீ ஒரு முறையும் மேசையைத் தட்டவில்லை.

இனி கட்டணம். சிறு வயதில் என் அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போவேன். தரகர்கள் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. மாட்டுக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு விரல், வாங்குகிறவனுக்கு வேறு விரல். அந்த நிறுவனத்தின் பக்கமும் ஒரு துண்டுதான் என்று போகப்போகத் தெரிந்தது. சேரும்போது ஒரு தொகை, பெரிய எழுத்தில். சேர்ந்த பிறகு, பாடப்புத்தகம் தனி. மாதிரி வினாக்கள் தனி. பரீட்சையைக் கண்காணிக்கிறவருக்குத் தனி. கால எல்லை தாண்டினால் நீட்டிப்புக்குத் தனி. இவை எதுவும் அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணங்களில் சேராது, அவை இன்னொரு பக்கம். நிபந்தனைகளைப் பக்கத்துச் சித்தூரில் ஒரு கடையில் அச்செடுத்து வந்து, பென்சிலோடு உட்கார்ந்து முழுவதும் படித்தேன். அதிலும் எல்லாம் இல்லை. ‘பொருந்தக்கூடிய பிற கட்டணங்கள்’ என்று ஒரு வரி இருந்தது. எல்லாக் கட்டணங்களும் அந்த ஒரு வரிக்குள் குடியிருந்தன.

அதில் ஒன்றை நான் மறக்கமாட்டேன். நீ சேரும்போது, நாம் எப்போதும் எழுதுவது போல, உன் பெயரையும் என் முதலெழுத்தையும் கொடுத்துவிட்டாய். பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுவதும் உன் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயராக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். பெயர் திருத்தத்துக்கு ஒரு கட்டணம் கேட்டார்கள். நான் சங்கடப்பட்டுக்கொண்டு நின்றேன். என் பெயரால் உனக்கு ஒரு செலவு.

“ஏனுங்கப்பா, உங்க பேரு இத்தன வெலையா? தெரிஞ்சிருந்தா அம்மா பேரப் போட்டிருப்பேன்” என்றாய்.

“எம்பட பேரு சின்னது, இன்னும் கம்மிக்கு வந்திருக்கும்” என்றாள் உன் அம்மா.

இந்தப் படிப்புகளில் சேர நினைக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். படிப்புக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். முதல் நாளிலிருந்து உரிமம் கையில் வரும் நாள் வரை உங்களுக்கு எவ்வளவு, வெளியில் யார் யாருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிப்பை அரசு அங்கீகரித்திருக்கிறதா என்பதை அவர்கள் பக்கத்தில் பார்க்காமல் அரசின் பக்கத்தில் பாருங்கள். தவறினால் என்ன, தாமதமானால் என்ன, நடுவில் விட்டால் பணம் திரும்புமா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். இவ்வளவு எழுதுகிற நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. கடையில் சில்லறை குறைந்தால், எண்ணிப் பார்த்துத் தெரிந்தபிறகும், பேசாமல் வந்துவிடுகிற ஆள் நான். உனக்கும் அதையே சொன்னேன். “கட்டீட்டு வேலையப் பாரு கண்ணு, அவங்களோட என்ன பேச்சு.” நீ அப்போதெல்லாம் கட்டினாய். எனக்காகத்தான் கட்டினாய் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது விஷயம். இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். நீ படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு மறுப்பு இருந்தது. காரணம் கௌரவம் என்று முதலில் நினைத்தேன். நம் பக்கத்துக் குடும்பங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் தரகரை வாசலில் நிறுத்தித்தான் பேசுவார்கள். அவர் போன பிறகு ஒரு வார்த்தை சொல்வார்கள், அதை இங்கே எழுத முடியாது. உன் அத்தை கல்யாணத்துக்கு ரோட்டோர வயலை விற்றபோது, அச்சாரம் வாங்கும் நாள் வரை வாங்குகிறவரை எங்கள் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தார் அந்தத் தரகர். எங்களிடம் சொன்ன விலை ஒன்று, அவரிடம் சொன்னது வேறு. பத்திரம் முடிந்த பிறகு, பஸ்ஸில் தற்செயலாக வயலை வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் என் அப்பாவுக்கு அது தெரிந்தது. இரண்டு பேரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை பேசிக்கொண்டே போனார்களாம்.

கௌரவக் காரணத்தை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். வண்டன்மேட்டுக்கு, உன் மாமியாருக்கு, ஃபோன் போட்டேன். அவர்கள் எதிர்ப்பு சொன்னால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்கு.

“புள்ள இப்படி ஒரு வேலைக்குப் படிக்குது. உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு…” என்று இழுத்தேன்.

“எதுக்குண்ணே சங்கடம்? எங்க ஏலக்காயை யாரு விக்கிறா, நாங்களா விக்கிறோம்? ஏலத்துல நடுவுல ஆளு இருந்துதான் விக்கிறாங்க. அவுக இல்லாட்டி மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நாங்க எந்த ஊரு போறது? கமிஷன் இவ்வளவுன்னு முன்னாடியே தெரியும், காய் என்ன வெலைக்குப் போச்சுன்னும் தெரியும். அதுல என்ன கேவலம்? நல்லாப் படிக்கச் சொல்லுங்க. ஆமா, நீங்க எதுக்குண்ணே மூச்சு வாங்குறீக? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கௌரவம் அத்தோடு போயிற்று. ஆனால் மறுப்பு போகவில்லை. அப்போதுதான் அடியில் இருந்த காரணம் தெரிந்தது. தரகுக்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லி, மற்றதைத் துண்டுக்குள் வைத்திருக்கும் சாமர்த்தியம். உனக்கு அது சுத்தமாகக் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி எப்படி என்று கேட்டபோது, “அம்மா போட்டது, நான் போட்டா இத்தன நல்லா இருக்காது” என்று சொன்னவள் நீ. இப்படிப்பட்ட பிள்ளை அந்தத் தொழிலில் நஷ்டப்படும், மனமும் நோகும் என்று பயந்தேன். அதற்குச் சாட்சியாகத்தான் நான்காவது விஷயத்தை எழுத நினைத்தேன்.

பரீட்சை காலை பத்து மணிக்கு. அறை காலியாக இருக்க வேண்டும், சுவரில் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது, காதில் எதையும் மாட்டக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது. நெல் பத்தாயம் இருக்கும் உள்ளறையைத் தேர்ந்தெடுத்தோம். தெருச் சத்தம் அங்கேதான் குறைவு. காலண்டரைக் கழற்றினேன். சாமி படங்களின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்ததால் அவற்றையும் உன் அம்மா மனசில்லாமல் கழற்றினாள். கண்காணிப்பாளர் மடிக்கணினியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பத்தாயத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்தப் பெரிய மரப்பெட்டியில் என்ன இருக்கிறது, திறந்து காட்டு என்றார். நீ திறந்தாய். நெல் என்று சொன்னாய். அதற்குள் ஆள் இருக்க முடியுமா என்று கேட்டார். “இருந்தா மூச்சு முட்டிச் செத்திருப்பாங்க” என்று இங்கிலீஷில் சொன்னாய். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே நின்றிருக்கவே கூடாது. நானே எத்தனை பெற்றோரைப் பரீட்சை அறையின் ஜன்னல் பக்கத்திலிருந்து விரட்டியிருக்கிறேன். ஆனாலும் நின்றேன். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷன் நாளில் நிற்பது போல நின்றேன். பரீட்சை பாதிக்கு மேல் போயிருக்கும். கொல்லையில் தென்னை மட்டை ஒன்று சத்தத்தோடு விழுந்தது. நீ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். கணினியிலிருந்து அந்தக் குரல், நல்ல கனமான அதிகாரக் குரல், “அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டது.

“நோ ஒன், சார்!” என்றேன்.

வேண்டுமென்றே சொல்லவில்லை, அம்மிணி. மேலதிகாரி குரலில் ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இருக்க என் உடம்புக்குத் தெரியாது. அதுவும் உரக்க, முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கும்படி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே காதில் விழுந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, வாயில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கப்போவதில்லை.

அந்தக் கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. உனக்கு ஒரு வழியும் காட்டினார். “தெருவிலிருந்து வந்த சத்தமா? தொலைக்காட்சியா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். குறித்துக்கொண்டு விட்டிருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லு கண்ணு, தெரு என்று சொல்லு.

“இல்லை, என் அப்பா. கதவுக்கு வெளியே நிற்கிறார். அவர் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. ஆனால் அவர்தான்” என்றாய்.

திரை அணைந்தது. முதல் வாய்ப்பு போயிற்று. பாக்கி ஒன்று. அதிலும் தவறினால் முதல் பாடத்திலிருந்து. நீ கதவைத் திறந்து வெளியே வந்தபோது நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஏனுங்கப்பா, ஆருமே இல்லீன்னு நீங்களே சொன்னா அவரு நம்புவாருங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் வரப்பில் தனியாக நடந்தபோது எனக்கு இரண்டு எண்ணம் வந்தது. ஒன்று, பிள்ளையின் உழைப்பை ஒரு சொல்லில் கெடுத்துவிட்டேன். இன்னொன்று, பிழைக்க ஒரு சின்னப் பொய் தேவைப்பட்டபோது அதைச் சொல்லத் தெரியாதவள் எப்படித் தரகு செய்வாள்?

மறுதேர்வுக்கு நிறுவனம் ஒரு தொகை கேட்டது. அதோடு மறுபதிவுக் கட்டணம், அவசர ஏற்பாட்டுக் கட்டணம் என்று இரண்டு புதிய பெயர்கள். நான் வழக்கம்போல், கட்டிவிடலாம், தப்பு என்னுடையது, என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்றேன். நீ முதல் முறையாக நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஃபோனை எடுத்துக் கூப்பிட்டாய். எதிர்முனையில் ஒரு பெண் குரல் இன்னும் உயர்ந்த திட்டம் ஒன்றை விற்கப் பார்த்தது. நீ குரலை உயர்த்தவே இல்லை. இன்றைக்கும் இனிமேலும் நான் உங்களுக்குக் கட்ட வேண்டியது எல்லாவற்றையும் கடைசிக் காசு வரை எழுதி அனுப்புங்கள், அது வரும் வரை ஒன்றும் கட்டமாட்டேன், வராவிட்டால் உங்களை அங்கீகரித்த அரசு அலுவலகத்துக்கு இதே கேள்வியை எழுதுவேன் என்றாய். அதையே மூன்று முறை, வார்த்தை மாறாமல் சொன்னாய். மறுநாள் பட்டியல் வந்தது. அந்த இரண்டு புதிய கட்டணங்களும் அதில் இல்லை. கண்காணிப்பாளருக்கான தொகை மட்டும் இருந்தது. “இது நாயமுங்கப்பா. அவரு மறுக்கா வந்து உக்காரோணுமில்ல” என்று அதை உடனே கட்டினாய்.

இரண்டாவது பரீட்சையன்று நான் கோயிலுக்குப் போய்விடுகிறேன் என்றேன். நீ விடவில்லை. “நீங்க வாசல்லயே உக்காருங்க. ஆரு வந்தாலும் உள்ள விடக்கூடாது, ஆரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக்கூடாது. இது உங்களுக்குப் பரீட்சை” என்றாய். போன தடவை எல்லாவற்றையும் கெடுத்த ஆளைப் பிடித்துக் காவலுக்கு வைத்தாய். உன் அம்மாவுக்கே அது சரியாகப் படவில்லை.

வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சோதனைபோல, பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி வந்தார். பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் தினமும் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர்.

“ஏனுங் வாத்தியாரே, என்ன வெயில்ல உக்காந்திருக்கறீங்க?”

நான் அவரைப் பார்த்தேன். பேசவில்லை.

“ஊட்ல ஆரும் இல்லீங்களா?”

அதே கேள்வி, அம்மிணி. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கையால் சைகை காட்டலாம் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. இரண்டு கைகளும் தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஏனுங், பேசமாட்டீங்களா? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப் போட்டனுங்களா?” அவர் முகம் சுருங்கியது. “செரி. புள்ள அமெரிக்கா போகுது. எங்ககிட்டப் பேசுனா இனி ஆகாது போல” என்று பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். சாயந்திரத்துக்குள் வாத்தியாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று டீக்கடை வரை தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி ஒரு பேர் கொடுத்ததில்லை. அதைச் சுமந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன், நீ கதவைத் திறந்து, “பாஸுங்கப்பா” என்று சொல்லும் வரை.

மறுநாள் காலை நீயே அவர் வீட்டுக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாய், நான் ‘நோ ஒன், சார்’ என்று கத்தியது உட்பட. அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். பழனிச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “அட, அதுக்கென்னுங்க அம்மிணி. வாத்தியாரு பேசாம இருந்தாரே, உங்க பரீட்சையவிட அது பெரிய பரீட்சையில்லீங்களா” என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “நீங்க போறதுக்குள்ள எம்பட வாய்க்கா மேட்டு பூமிய ஒண்ணு வித்துக் குடுத்துட்டுப் போங்களே. நாலு புரோக்கர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் பேச்சும் நம்பற மாதிரி இல்லீங்க. நீங்க சொன்னா அது இருக்கறபடி இருக்கும்” என்றார்.

“எனக்கு இன்னும் லைசன்ஸே வரலீங்க மாமா. வந்தாலும் அது அங்கத்ததுக்குத்தான்” என்று சொன்னாய். அவர் கேட்டதை நான் வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாவது விஷயத்துக்கு இடம் வந்துவிட்டது. பெருமை என்று தனியாக எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. மேலே எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். எல்லாம் அங்கேயே சிதறிக் கிடக்கிறது. கரண்ட் போன பக்கத்தை மறுபடி திறந்தது. நான் எழுபது வயதிலும் கேட்கப் பயப்படுகிற கேள்வியைக் குரல் உயராமல் மூன்று முறை கேட்டது. நியாயமான தொகையை மறுபேச்சில்லாமல் கட்டியது. கெடுத்தவனையே காவலுக்கு வைத்தது. நான் கற்றுக்கொடுத்தது இதில் எதுவும் இல்லை. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. என்னிடம் இல்லாததும் என் பிள்ளையிடம் இருக்கிறது என்று ஊரார் படிக்கும்படி எழுதிக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தது, அவ்வளவுதான்.

அரசுப் பரீட்சை அங்கே காத்திருக்கிறது. அந்த அறைக்கு வெளியே நான் இருக்கமாட்டேன், யாரும் எதற்கும் பதில் சொல்லமாட்டார்கள். நிதானமாக எழுது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடு.

கடைசியாக ஒன்று. இதை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். பட்டியலில் மூன்றாவது வரி தவறு. இந்தத் தொழில் உன் சுபாவத்துக்குப் பொருந்தாது என்று எழுதினேன். அதற்குச் சாட்சியாக, கண்காணிப்பாளரிடம் நீ உண்மை சொன்னதைக் காட்டினேன். அது எனக்கு எதிரான சாட்சி. பழனிச்சாமி ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டதை நான் இத்தனை பக்கம் எழுதிய பிறகுதான் காண்கிறேன். அன்றைக்கு ரோட்டோர வயலை விற்கும்போது உன்னைப் போல ஒருத்தி நடுவில் நின்றிருந்தால், என் அப்பா கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போயிருக்கமாட்டார்.

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதி, முதலிலிருந்தே சரியாக நினைத்தவன் போல அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் நானும் ஒரு துண்டைப் போட்டு மூடினதாகத்தான் ஆகும். அது அங்கேயே இருக்கட்டும், அம்மிணி. தவறு மூன்றாவது வரியில் இருக்கிறது. எல்லாரும் பார்க்கலாம்.

உன் அப்பா